ஓடுகிற பம்ப் எல்லாம் நல்ல பம்ப் இல்லை: பழைய வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால் என்ன பார்க்க வேண்டும்?

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிக்க எட்டு, பத்து விநாடி ஆகிறது. பின் சீட் பக்கம் காதை வைத்தால் டேங்குக்குள் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "பம்ப் ஓடுதே, அப்போ அது நல்லாத்தான் இருக்கு" என்பது ஒன்று. "பெட்ரோல் வரல, பம்ப் போச்சு, மாத்திடு" என்பது இன்னொன்று. இரண்டுமே அளந்து பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு. முதலாவதில் கெட்ட பம்ப் தப்பித்துக்கொள்ளும். இரண்டாவதில் நல்ல பம்ப் குப்பைக்குப் போகும்.

எஞ்சினுக்கு பம்பிடமிருந்து மூன்று விஷயம் வேண்டும். போதுமான அழுத்தம், அதாவது பிரஷர். போதுமான அளவு, அதாவது ஒரு நிமிடத்துக்கு இத்தனை பெட்ரோல் என்ற கணக்கு. மூன்றாவது பலருக்கும் தெரியாதது: எஞ்சினை நிறுத்திய பிறகும் லைனில், அதாவது பெட்ரோல் போகும் குழாயில், பிரஷர் இறங்காமல் நிற்க வேண்டும். இதைப் பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஓடும் சத்தம் இந்த மூன்றில் எதற்கும் சாட்சி இல்லை. மோட்டார் சுற்றுகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

முதலில், உங்கள் வண்டியில் எந்த பம்ப்?

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி என்றால் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே கேம் ஷாஃப்ட் ஒரு லீவரை ஆட்ட, லீவர் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை இழுக்கும், ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். பிரஷர் குறைவுதான், சுமார் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரை நிரப்ப அது போதும்.

இன்ஜெக்டர் என்ற முனை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் எலெக்ட்ரிக் பம்ப். பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். த்ராட்டில் பாடியில் ஒன்றிரண்டு இன்ஜெக்டர் மட்டும் உள்ள பழைய வகையில் பிரஷர் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள மல்டி பாயின்ட் வகையில் 35 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை. பிரஷரை அளக்கும் கேஜ் பார் கணக்கில் இருந்தால் 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேஜ் மாட்டுவதில் பயன் இல்லை.

எப்போது திணறுகிறது?

கருவி எதையும் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் மட்டும் திணறி, அதன்பின் நாள் முழுக்க ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனால் பிடிப்பில்தான் சந்தேகம். லைனில் இருந்த பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிட்டது, அல்லது எங்கோ கசிந்துவிட்டது. நன்றாக ஓடி நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து எடுத்தால் மட்டும் திணறினால் சூடு சம்பந்தப்பட்ட கோளாறு. காலை, மாலை, சூடு, குளிர் என்ற வித்தியாசமே இல்லாமல் எப்போதும் திணறி, ஏற்றத்திலும் இழுவை இல்லை என்றால் பிரஷரோ அளவோ குறைவு. ஒரு நாள் நன்றாக இருந்து, மறுநாள் சுத்தமாகப் பிடிக்காமல், மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால் ரிலே (பம்புக்குப் போகும் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்ச்), வயர், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்த பம்ப் மோட்டார்.

பம்ப் பக்கம் போகும் முன் சின்னச் சின்ன விஷயங்களைத் தள்ளிவிடுங்கள். பழைய வண்டியின் பெட்ரோல் முள் பொய் சொல்லும், டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். வோல்டேஜ் குறைந்தால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், அதனால் பேட்டரிக் கோளாறு பெட்ரோல் கோளாறு போலவே வேஷம் போடும். பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தவறான தகவல் கொடுத்தாலும் காலை ஸ்டார்ட்டிங் கெடும்.

நெருப்பு விஷயம்

பெட்ரோலைவிட அதன் ஆவி ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாது, தரையோடு படர்ந்து போய் தூரத்தில் இருக்கும் தீயைத் தேடிப் பிடிக்கும். திறந்தவெளியில் வேலை செய்யுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான பல்ப் விளக்கு வேண்டாம், எல்.இ.டி. போதும். இன்ஜெக்ஷன் லைனைக் கழற்றும் முன் பிரஷரை இறக்க வேண்டும்: பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் அது தானே அணைந்துவிடும். அதன்பின் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றுங்கள். அப்போதும் லைனில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், துணியைச் சுற்றித்தான் கழற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கார்பரேட்டர் வாயில் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு பேக்ஃபயர் போதும், கையில் இருக்கும் பாட்டிலே தீப்பந்தம் ஆகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எலெக்ட்ரிக் பம்ப்: சாவியை வைத்தே முதல் சோதனை

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பம்புக்கு சுமார் 2 விநாடி மட்டும் கரண்ட் கொடுத்து லைனை நிரப்பும். பிறகு நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் மறுபடி கொடுக்கும். விபத்தில் பெட்ரோல் கொட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இதை வைத்து ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன், சாவியை ஆன் செய்து 2 விநாடி காத்திருங்கள். முழுக்க ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று, நான்கு முறை. பிறகு செல்ஃப் அடியுங்கள். வழக்கமாகப் பத்து விநாடி எடுக்கும் வண்டி உடனே பிடித்துக்கொண்டால், பம்ப் பிரஷரை உண்டாக்குகிறது, ராத்திரியில்தான் அது போய்விடுகிறது என்று அர்த்தம். எந்த வித்தியாசமும் இல்லை என்றால் பிரஷரே வரவில்லை, அல்லது கோளாறு பெட்ரோலில் இல்லை.

சத்தமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், அடுத்து ரிலே. பெட்டியில் அதே மாதிரி, அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலே இருக்கும், மாற்றிச் செருகிப் பாருங்கள். சில வண்டிகளில் மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் உண்டு. பள்ளத்தில் இறங்கியதிலேயே அது தட்டிக்கொண்டிருக்கும், மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் சரி. இவை எல்லாம் நன்றாக இருந்து பம்ப் மட்டும் அசையவில்லை என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். தட்டியதும் ஓடினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அதை ரிப்பேர் என்று நினைத்துவிட வேண்டாம். வீடு போய்ச் சேரும் வரைக்குமான தவணை அது.

கேஜ் மாட்டினால்

பல வண்டிகளில் இன்ஜெக்டர்கள் உட்கார்ந்திருக்கும் ஃபியூயல் ரெயிலில், டயர் வால்வு போலவே ஒரு வால்வு மூடியோடு இருக்கும். பிரஷர் கேஜ் அங்கே மாட்டும். வால்வு இல்லாத வண்டியில் ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவில் டி பீஸ், அதாவது மூன்று வாய் உள்ள இணைப்பு, போட வேண்டும்.

சாவியை ஆன் செய்ததும் முள் சட்டென்று மேனுவல் சொல்லும் எண்ணுக்குப் போக வேண்டும். லைனில் பிரஷரைக் கட்டுப்படுத்தி, மிஞ்சிய பெட்ரோலை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்புவது ரெகுலேட்டர். உதாரணத்துக்கு 3 பார் ரெகுலேட்டர் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஐட்லிங்கில் கேஜ் சுமார் 2.5 பார் காட்டும். ரெகுலேட்டரில் இருக்கும் மெல்லிய வேக்யூம் டியூபை (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்திலிருந்து வருவது) பிடுங்கினால் 3 பாருக்கு ஏறும். ஏறவே இல்லை என்றால் ரெகுலேட்டரில் கோளாறு, அல்லது வேக்யூமே அங்கே வந்து சேரவில்லை. பிடுங்கிய டியூபின் உள்ளே பாருங்கள், மோந்தும் பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எஞ்சின் அந்த டியூப் வழியாகப் பெட்ரோலைக் கணக்கில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதனால் சூடாக இருக்கும்போது மூச்சுத் திணறித்தான் ஸ்டார்ட் ஆகும். ரெகுலேட்டரை டேங்குக்குள்ளேயே வைத்த, ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகளில் இந்த டியூப் இருக்காது.

பிரஷர் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை இரண்டே விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிரஷர் வழக்கத்தைவிட நன்றாக மேலே பாய்ந்தால் பம்புக்குத் தெம்பு இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது. முள் நகரவில்லை என்றால் பம்ப் பலவீனம், அல்லது பம்புக்குக் கரண்ட் போதவில்லை, அல்லது டேங்குக்குள் பம்பையும் குழாயையும் இணைக்கும் சின்ன ஹோஸ் வெடித்து பெட்ரோல் அங்கேயே கொட்டுகிறது. பிளாஸ்டிக் லைனை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள், உடைந்துவிடும்.

அடுத்தது பிடிப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு கேஜைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தில் ஓரிரு பி.எஸ்.ஐ. இறங்கினால் பயமில்லை. கண் முன்னாலேயே முள் பூஜ்யத்துக்குச் சரிந்தால் மூன்று வழிகளில் ஒன்றில் பெட்ரோல் போகிறது. பம்பின் வாயில் உள்ள ஒருவழி வால்வு வழியாக டேங்குக்கு, ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்னுக்கு, அல்லது சொட்டும் இன்ஜெக்டர் வழியாக சிலிண்டருக்கு. எது என்று பிரிப்பது எளிது. பிரஷரை மறுபடி ஏற்றி, எஞ்சினை நிறுத்தியதும் டேங்கிலிருந்து வரும் ஹோஸை அழுத்திப் பிடியுங்கள். முள் நின்றால் பம்பின் ஒருவழி வால்வுதான் குற்றவாளி. நிற்கவில்லை என்றால் மறுபடி ஏற்றி ரிட்டர்ன் ஹோஸை அழுத்துங்கள், இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் அழுத்தியும் இறங்கினால் இன்ஜெக்டர். வெளியே எங்கும் ஈரம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் சொட்டும் வண்டியில் ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரிலிருந்து கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். ஒருவழி வால்வு போன வண்டியில் அது வராது.

பிரஷர் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டர் ஐட்லிங்கில் சரியான பிரஷரைக் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் ஐட்லிங்குக்கு வேண்டிய பெட்ரோல் மிகக் கொஞ்சம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் ஹோஸைப் பெட்ரோல் தாங்கும் அளவுகோல் உள்ள பாத்திரத்தில் விட்டு, ரிலேயைக் கழற்றி, 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளை ஃப்யூஸ் வைத்த வயரால் இணைத்தால் பம்ப் ஓடும். 30 விநாடியில் அரை லிட்டரை ஒட்டி வர வேண்டும். வந்த பெட்ரோலைக் கண்ணாடி ஜாரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. நடுவே கோடு விழுந்து கீழே தனிப் படலம் நின்றால் தண்ணீர்.

புது பம்ப் போட்டும் சரியாகவில்லையா? வோல்டேஜைப் பாருங்கள்

பழைய வண்டியில் நல்ல பம்புகள் வீணாகக் கழற்றப்படுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். பம்பின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் வருது, வயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 காட்டும். அதே வயரில் பம்ப் 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்க ஆரம்பித்ததும் வோல்டேஜ் சரிந்துவிடும்.

எனவே கனெக்டர் மாட்டியபடியே, பம்ப் ஓடும்போது, பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை விட்டு அளக்க வேண்டும். பம்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜ், பேட்டரி வோல்டேஜைவிட 0.5-க்கு மேல் குறையக் கூடாது. பேட்டரியில் 12.4, பம்பில் 10.5 என்றால் 1.9 வோல்ட் வழியில் எங்கோ சூடாகிக் கரைகிறது. எங்கே என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவ்விலும் மறுமுனை பம்பின் நெகடிவ்விலும் வையுங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் மோசம். டிக்கிக்குள்ளோ சேஸிஸிலோ உள்ள எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். எர்த் நன்றாக இருந்தால் அதே மாதிரி பாசிடிவ் பக்கத்தை அளந்துகொண்டே ரிலே வரை வாருங்கள். கருகிய கனெக்டரும் பழுப்பேறிய ரிலே முனையும் அங்கே காத்திருக்கும்.

கார்பரேட்டர் வண்டியில்

இங்கே முதல் சோதனைக்குக் கண் மட்டும் போதும். எஞ்சின் ஆஃப், ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக் தட்டைக் கையால் திறந்து, டார்ச் அடித்து கார்பரேட்டர் வாய்க்குள் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் லீவரை ஒரு முறை முழுக்க இழுத்தால் உள்ளே மெல்லிய கம்பி போல் பெட்ரோல் பாய வேண்டும். பாய்ந்தால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, கோளாறை ஸ்பார்க்கிலோ சோக்கிலோ தேடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சேம்பர் காலி. சில நாள் நின்ற வண்டியில் சேம்பர் வற்றுவது இயல்பு, மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்ப எஞ்சினைச் சில விநாடி சுற்றித்தான் ஆக வேண்டும். ஒரே ராத்திரியில் வற்றினால்தான் கோளாறு.

பம்பைச் சோதிக்க, இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றி எஞ்சின் பிடிக்காமல் செய்துவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைப் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் வலுவாகப் பீய்ச்ச வேண்டும். குமிழியோடு, விட்டு விட்டு வந்தால் பம்பை உடனே குறை சொல்லாதீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள ஹோஸில் வெடிப்பு இருந்தால் அங்கே பெட்ரோல் கசியாது, காற்று உள்ளே இழுக்கும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஏர் பிடிக்கும். பழைய ரப்பரை எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் கெடுக்கும், டயாஃப்ரத்தையும்தான்.

டயாஃப்ரம் கிழிந்தால் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பெட்ரோல் சொட்டும். இல்லையென்றால் எஞ்சின் ஆயிலுக்குள் போகும். ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் அந்த எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சூட்டில் நிறுத்தி எடுக்கும்போது திணறும் கார்பரேட்டர் வண்டியில் வேறு கதை நடக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு சற்று நேரம் ஏறத்தான் செய்யும். பம்பிலும் ஹோஸிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். டயாஃப்ரம் ஆவியை அழுத்துமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது. ஹோஸ் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த ஃபைபர் பேக்கிங்கை யாராவது எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பம்பையே மாற்ற வேண்டி வந்தால்

பம்ப் ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை இறக்கினால் அதுவும் அதே வழியில் போகும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான், எப்போதும் ரிசர்வில் ஓட்டும் வண்டியில் அது சூட்டிலேயே வேகும். கால் டேங்காவது வைத்திருங்கள். பம்பின் அடியில் உள்ள வலை ஃபில்டரையும், லைனில் உள்ள ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். துரு இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவாமல் புது பம்ப் போடாதீர்கள். பம்ப் மூடியைப் பிடிக்கும் வளையத்தை இரும்பு உளியால் தட்டினால் பொறி பறக்கும், பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். மூடியின் ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும், உள் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கி இருக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். சாதாரண ஃபியூயல் ஹோஸ் வெளிப்பக்கம் பெட்ரோலைத் தாங்காது.

எல்லாம் மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல் சாவியை நான்கைந்து முறை ஆன், ஆஃப் செய்து லைனை நிரப்புங்கள். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரம் பாருங்கள். கேஜை ராத்திரி முழுக்க மாட்டியே விடாதீர்கள், கழற்றிவிட்டு மறுநாள் காலை, யாரும் சாவியைத் தொடும் முன், மறுபடி மாட்டிப் படியுங்கள். மாட்டும்போது கொஞ்சம் பிரஷர் போகும் என்பதால் எண் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பூஜ்யமாக இருந்தால் ரெகுலேட்டரையும் இன்ஜெக்டரையும் மறுபடி பாருங்கள்.